ஸ்பூன் யார் கையில்?

வாசகர் கேள்வி – பதில்

சிறப்புக் குழந்தைகளை வளர்க்கும் அப்பா அம்மாவுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் எழுதி அனுப்புங்கள், குழந்தையைப் பற்றி இன்னொரு மாதம் பேசலாம் என்று கேட்டிருந்தேன். மூட்டை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. நான்கை மட்டும் எடுத்திருக்கிறேன், அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எனக்கும் மூளை முடக்குவாதத்தோடு பிறந்த மகன் இருக்கிறான், வயது 24. அதனால் சில இடங்களில் ஆலோசனை சொல்கிறவளாக இல்லாமல் அடிபட்டவளாகப் பேசிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது, ஆட்டிசம். எங்களுக்குக் கரூர். நல்ல தெரபி கிடைக்கும் என்று இரண்டு வருடமாக நானும் அவனும் கோவையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் ஊரில் கடையைப் பார்த்துக்கொள்கிறார், சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கள் விடியற்காலை பஸ் ஏறிவிடுவார். வந்தாலும் பையனோடு ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம், மீதி நேரம் போன்தான். கேட்டால் "நான் எது செய்தாலும் உனக்குப் பிடிக்காதே" என்கிறார். எங்களுக்குள் பேச்சே ஃபீஸ், ஓ.டி. (அன்றாட வேலைகளுக்கான பயிற்சி), ஸ்பீச், அடுத்த மாத ரிப்போர்ட் என்று ஆகிவிட்டது. சென்டரில் ஒரு அம்மா, ஆட்டிசம் குழந்தை இருக்கும் வீடுகளில் நூற்றுக்கு எண்பது விவாகரத்தில்தான் முடியும் என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: முதலில் அந்த எண்பதைக் குப்பையில் போடுங்கள். ஆட்டிசம் பெற்றோர் வட்டாரத்தில் உலகம் முழுக்கச் சுற்றுகிற வதந்தி அது. அமெரிக்காவில் பால்டிமோரில் இருக்கும் கென்னடி க்ரீகர் நிறுவனத்தினர் அதைச் சோதித்துப் பார்த்து 2010இல் சொன்னது இது: ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் 64 சதவீதம் பேர் பெற்ற அல்லது தத்தெடுத்த அப்பா அம்மா இருவரோடும்தான் வாழ்கிறார்கள், மற்றக் குழந்தைகளில் 65 சதவீதம் பேர். ஒரே ஒரு சதவீத வித்தியாசம். டென்னசி மாநிலத்தில் 2007இல் பார்த்தபோது டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் இருக்கும் வீடுகளில் மணமுறிவு மற்ற வீடுகளைவிடக் குறைவாகவே இருந்தது.

முழுக்க ஆறுதல் சொல்லி உங்களை அனுப்பிவிடவும் எனக்கு மனமில்லை. அதே 2010இல் விஸ்கான்சினில் இன்னொரு குழு பார்த்ததில் ஆட்டிசம் வீடுகளில் மணமுறிவு 23.5 சதவீதம், மற்ற வீடுகளில் 13.8. அந்த ஆய்வில் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது வேறு விஷயம். மற்ற வீடுகளில் குழந்தைக்கு எட்டு வயது தாண்டியதும் பிரிகிற ஆபத்து குறைந்துகொண்டே போகிறது, நம் மாதிரி வீடுகளில் பிள்ளை வாலிப வயதுக்கு வரும்வரை அது குறையவே இல்லை. இதற்கு விளக்கம் சொல்ல எனக்கு ஆராய்ச்சியாளர் தேவையில்லை. ஊரில் எல்லாருக்கும் பிள்ளை தானே சாப்பிட்டு, தானே குளித்து, சைக்கிளில் டியூஷன் போக ஆரம்பித்ததும் அப்பாவும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கொஞ்சம் நேரம் வருகிறது. நமக்கு அந்த எட்டாவது வயது வருவதே இல்லை.

அப்புறம், விவாகரத்துக் கணக்கை வைத்து நம் ஊரில் எதையும் அளக்கவும் முடியாது. பதினைந்து வருடமாக "சாப்பாடு எடுத்து வைக்கவா" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசாத தம்பதிகள் எனக்குத் தெரிந்தே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள், எந்தக் கோர்ட்டிலும் அவர்கள் பெயர் இருக்காது.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதில் எனக்குச் சுருக்கென்று தைத்தது உங்கள் கணவர் சொன்ன வாக்கியம். என் மகனுக்கு இரண்டரை வயது இருக்கும்போது என் வீட்டுக்காரர் ஒரு நாள் அவனுக்குச் சாதம் ஊட்டினார். மூளை முடக்குவாதக் குழந்தைக்கு ஊட்டுவது சாதாரண வேலை இல்லை, தலை பின்னால் சாயக்கூடாது, நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புரையேறும். எனக்கு அது அத்துப்படி. அவருக்குத் தெரியாது. "தலையை அப்படிப் பிடிக்காதீங்க" என்றேன். இன்னொரு வாய்க்கு "அவ்வளவு வைக்காதீங்க" என்றேன். மூன்றாவது தடவை நான் வாயைத் திறந்ததும் ஸ்பூனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அந்த ஸ்பூன் திரும்ப அவர் கைக்குப் போகப் பதினோரு வருடம் ஆனது. அந்தப் பதினோரு வருடமும் "இவர் பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டினதில்லை" என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் பொய் இல்லை.

நான் பார்த்த வீடுகளில் முக்கால்வாசி இப்படித்தான் விரிசல் விட்டது. ஒருவர் நிபுணராகிவிடுகிறார், இன்னொருவர் அந்த வீட்டில் விருந்தாளி ஆகிவிடுகிறார். நிபுணருக்கு ஓயாத உழைப்பு, கூடவே தீராத கோபம். விருந்தாளிக்குக் கூச்சம், அந்தக் கூச்சத்தை மறைக்கப் போன். வேலையை விட்டது பெரும்பாலும் அம்மா என்பதால் நிபுணராவதும் அம்மாதான். தெரபி நடக்கும் இடங்களும் இதற்குத் துணை போகின்றன. நாங்கள் போய்க்கொண்டிருந்த ஒரு மையத்தில் "அப்பா வெளியே இருக்கட்டும், அம்மா மட்டும் உள்ளே வாங்க" என்பார்கள். அவர் வராந்தாவில் என் கைப்பையையும் குழந்தை காலில் மாட்டும் காலிப்பரையும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பார், வெளியே வந்து நான் இரண்டு வரியில் சொல்வதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். உங்கள் கணவருக்கோ அந்த வராந்தாகூட இல்லை. வாரத்துக்கு ஒன்றரை நாள் மட்டும் வருகிற அப்பாவைப் பார்த்து ஓடி வராத, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையோடு அந்த மனிதர் எங்கே ஆரம்பிப்பார், சொல்லுங்கள்.

எல்லா ஆண்களும் பாவம் என்று சொல்ல வரவில்லை. சொகுசாகத் தப்பித்துக்கொள்கிறவர்களும் உண்டு, பொறுப்பைக் கையில் கொடுத்துப் பார்த்தால் ஆறு மாதத்தில் அது தெரிந்துவிடும். ஆனால் கொடுத்துப் பார்க்க வேண்டும். "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்களேன்" என்று கேட்காதீர்கள், உதவி என்று வந்துவிட்டால் அது உங்கள் வேலையாகவே நின்றுவிடும். ஞாயிறு காலை எழுந்ததிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரை பையன் அவர் பொறுப்பு, குளியல், டிபன், பஸ்ஸில் ஒரு சுற்று, எல்லாம். நீங்கள் வீட்டில் இருக்கவே கூடாது, இருந்தால் வாய் சும்மா இருக்காது, என்னைக் கேட்டால் தெரியும். முதல் வாரம் பையன் கத்தித் தெருவைக் கூட்டுவான். இட்லிக்குப் பதில் பிஸ்கட் போயிருக்கும், சட்டையைத் திருப்பிப் போட்டிருப்பார். போகட்டும். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை சீக்கிரம் வரச் சொல்லி, தெரபிஸ்ட் அவரிடம் நேரடியாகப் பேசும்படி கேளுங்கள். நீங்கள் வெளியே உட்காருங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோவை வாசம் எத்தனை வருடத்துக்கு? போகும்போது யாரும் தேதி வைப்பதில்லை, இரண்டு ஆறாகி, ஆறு பத்தாகி இரண்டு ஊரில் இரண்டு குடும்பமாகவே நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். சிறு வயதுத் தெரபி முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் உலகச் சுகாதார நிறுவனமே இப்படிப்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்கென்று ஒரு பயிற்சியை உருவாக்கியிருக்கிறது. வீட்டில் விளையாடும்போதும் சாப்பிடும்போதும் துணி மடிக்கும்போதும் குழந்தையை எப்படிப் பேச்சுக்கும் பழக்கத்துக்கும் இழுப்பது என்று பெற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அதன் அடிப்படை. மாவட்டங்களில் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து டி.இ.ஐ.சி. என்று, குறைபாடுகளைச் சீக்கிரமே கண்டுபிடித்துப் பயிற்சி தருகிற ஒரு மையம் இயங்குகிறது, 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அங்கே இலவசமாகவே பார்க்கிறார்கள். உங்கள் ஊர்ப் பக்கம் அது எப்படி இருக்கிறது என்று கணவரை ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள். அந்த விசாரணையை அவரே செய்யட்டும், முடிவு எதுவானாலும் அது இரண்டு பேருடைய முடிவாக இருக்கும். புதன்கிழமை ராத்திரி பையன் தூங்கிய பிறகு போன் போட்டுக் கடையில் வியாபாரம் எப்படி என்று கேளுங்கள். மகன் பேச்சையே எடுக்காதீர்கள். பத்து நிமிஷம் தாங்குகிறதா பாருங்கள், எங்களுக்கு முதல் தடவை நான்கு நிமிஷம்தான் தாங்கியது.

கேள்வி: நான் கட்டியது அத்தை மகளை. மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் செய்து காதுக்குள் பொருத்தும் கருவி) வைத்து இப்போது பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறோம். என் அம்மா, "அவ வழியில வந்த குறைதான், கிரகணத்தன்னிக்கு வேற வெளியில போனா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். என் மனைவி அம்மாவோடும் பேசுவதில்லை, ஒரு வருடமாக என்னோடும் சரியாகப் பேசுவதில்லை. நான் யாரையும் குறை சொல்லவில்லையே, என் மேல் ஏன் கோபம்?
– தென்காசி வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் யாரையும் எதுவும் சொல்லவில்லை, அதுதான் கோபம்.

விஞ்ஞானத்தை முதலில் முடித்துவிடுவோம். கிரகணத்துக்கும் காதுக்கும் சம்பந்தமே இல்லை. பிறவிச் செவித்திறன் குறைவுக்குக் காரணம் பல, கர்ப்பத்தில் வருகிற சில தொற்றுகள், குறைமாதப் பிரசவம், கடுமையான மஞ்சள் காமாலை, அப்புறம் மரபணு. உங்கள் மகளுக்கு எது என்று பரிசோதனை செய்யாமல் யாரும் சொல்ல முடியாது. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்றே வைத்துக்கொண்டால்கூட, அந்த வகைக் குறை வரவேண்டுமென்றால் பழுதான மரபணுவில் ஒரு பிரதி அம்மாவிடமிருந்தும் இன்னொரு பிரதி அப்பாவிடமிருந்தும் வந்தாக வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் காது நன்றாகவே கேட்கும், உங்கள் இருவருக்கும் கேட்கிற மாதிரி. அத்தை மகள் என்றால் உங்கள் அப்பாவைப் பெற்ற தாத்தா பாட்டியிடமிருந்து ஒரு கிளை உங்கள் அத்தை வழியாக உங்கள் மனைவிக்கும், இன்னொரு கிளை உங்கள் அப்பா வழியாக உங்களுக்கும் வந்திருக்கும். "அவ வழி" என்று உங்கள் அம்மா சொல்வது அவர் புருஷன் வழி, அவர் மகன் வழி. இதை அவரிடம் இப்படியே சொல்லிவிடாதீர்கள், வீட்டில் வேறு பூகம்பம் கிளம்பும். ஆனால் நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேரிடமும் அந்த மரபணு இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அடுத்த குழந்தை பற்றி யோசனை இருந்தால் அதற்கு முன்பே மரபியல் ஆலோசனைக்குப் போங்கள், வேலூர் சி.எம்.சி.யில் அதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். மனைவியை மட்டும் டெஸ்டுக்கு அனுப்புகிற வழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது, அது ஊரே சேர்ந்து அவர் மேல் முத்திரை குத்துகிற வேலை.

இப்போது உங்கள் பங்கு. அம்மா அப்படிப் பேசுகிறபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டிருப்பீர்கள், அல்லது "விடும்மா" என்று எழுந்து போயிருப்பீர்கள். உங்கள் மனைவி ஒவ்வொரு தடவையும் உங்கள் முகத்தைத்தான் பார்த்திருப்பார். அம்மா வயதானவர், மாற மாட்டார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், மாறாமலே இருக்கட்டும். "இனிமேல் இந்தப் பேச்சு என் வீட்டில் வேண்டாம், அப்படியே காரணம் கேட்டால் நானும்தான் காரணம்" என்று மனைவியும் கேட்கிற மாதிரி ஒரு தடவை சொல்லுங்கள். தனியாக அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்து மனைவியிடம் ரிப்போர்ட் செய்வது செல்லாது. உடனே எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஒரு வருட மௌனம் ஒரு வாக்கியத்தில் உடையாது. அடுத்த பேச்சுப் பயிற்சிக்கு லீவு போட்டுவிட்டு நீங்கள் கூட்டிப் போங்கள். இம்ப்ளான்ட் வைத்த குழந்தைக்கு ஆபரேஷனைவிட அதற்குப் பிறகான வருடங்கள்தான் பெரிய வேலை, வீட்டில் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சே நின்றுபோன வீட்டில் அந்தக் குழந்தை எந்தப் பேச்சைக் கேட்டுப் பழகும்?

கேள்வி: எட்டு வயது மகன், ராத்திரி நாலைந்து தடவை எழுந்துவிடுவான், எங்கள் இருவருக்கும் நடுவில்தான் படுக்கிறான். நாங்கள் கணவன் மனைவியாக இருந்து மூன்று வருடம் ஆகிறது. இதைப் போய்க் கேட்பதே தப்பு என்று தோன்றுகிறது.
– பெயரும் ஊரும் வேண்டாம்

பதில்: தப்பே இல்லை, வந்த கடிதங்களில் பாதியில் இந்த விஷயம் எங்கோ ஒரு மூலையில் ஒளிந்துகொண்டிருந்தது, நீங்கள்தான் தைரியமாக முன்னால் வைத்தீர்கள். தூக்கத்தை முதலில் கவனியுங்கள். ராத்திரி இத்தனை முறை எழுவதை இவன் இப்படித்தான் என்று விட்டுவிடாமல் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் தனிப் பிரச்சினையாகவே சொல்லுங்கள். வலிப்பு, மலச்சிக்கல், வயிற்று எரிச்சல், மூச்சடைப்பு என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல இருக்கும். அது வரை முறை வையுங்கள், இன்று ஒருவர் அவன் பக்கத்தில், மற்றவர் அடுத்த அறையில் முழுத் தூக்கம், நாளைக்கு மாற்றி. தூங்காத உடம்புக்கு ஆசை வராது, அதைப் பிரியம் போய்விட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவன் ஸ்கூல் போகிற நேரம் ஒன்று இருக்கிறது, அரை நாள் லீவு என்றும் ஒன்று இருக்கிறது. இதற்கு மேல் பத்திரிகையில் எழுத மாட்டேன்.

கேள்வி: மகனுக்கு 27 வயது, அறிவுசார் குறைபாடு, 70 சதவீதம் என்று சான்றிதழ். எனக்கு 58, அவருக்கு 64. நமக்குப் பிறகு என்ன என்று ஆரம்பித்தால் சண்டையில்தான் முடிகிறது. ஏதாவது ஹோமில் இப்போதே சேர்த்துப் பழக்கிவிடலாம் என்கிறார் அவர். என் உயிர் இருக்கிற வரை அனுப்ப மாட்டேன் என்கிறேன் நான். மகள் கல்யாணமாகிச் சென்னையில் இருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்வாள் என்று எனக்கு நம்பிக்கை.
– மதுரை வாசகி

பதில்: அக்கா, உயிர் இருக்கிற வரை என்கிறீர்கள், அவர் கேட்பதோ அதற்கு அடுத்த நாளைப் பற்றி. இரண்டு பேருக்கும் ஒரே பயம்தான், அவருடையது கணக்காக வெளியே வருகிறது, உங்களுடையது பிடிவாதமாக வருகிறது.

சண்டை போடாமல் செய்யக்கூடிய வேலைகளை முதலில் முடியுங்கள். மகனுக்கு 18 முடிந்ததுமே சட்டப்படி நீங்கள் தானாகப் பாதுகாவலர் இல்லை, பலருக்கு இது பேங்கில் போய் நிற்கும்போதுதான் தெரிகிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு சட்டப் பாதுகாவலரை நியமிக்கும். கலெக்டர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் மனு கொடுக்கும் விவரம் சொல்வார்கள். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், தெரபியும் அதில் அடக்கம். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையைத் தமிழக அரசு கொடுக்கிறது, வாங்குகிறீர்களா? ஆச்சரியப்படாதீர்கள், 27 வயது வரை விண்ணப்பிக்காத வீடுகள் இருக்கின்றன.

ஹோம் விஷயத்தில் நான் யார் பக்கமும் இல்லை. நல்ல இடமும் உண்டு, பூட்டி வைக்கிற இடமும் உண்டு. இரண்டு பேரும் சேர்ந்து போய், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாயங்காலம் நுழைந்து பாருங்கள், கழிப்பறையையும் சமையலறையையும் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். பிடித்தால் நாலு நாள் மட்டும் விட்டுப் பாருங்கள். அந்த நாலு நாளும் நீங்கள் இருவரும் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று யோசித்தீர்களா? பயமாக இருக்கிறதல்லவா? எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் முதல் தடவை அப்படி இரண்டு நாள் கிடைத்தபோது ஒரு நாள் முழுக்க அவன் கட்டிலையே சுத்தம் செய்துகொண்டிருந்தோம், மறுநாள்தான் வெளியே கிளம்பினோம்.

மகள் பார்த்துக்கொள்வாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் கேட்டீர்களா? சின்ன வயதிலிருந்து அண்ணனுக்காக விட்டுக்கொடுத்தே வளர்ந்த பெண் அம்மா முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல மாட்டாள், அதனால் நேரில் கேட்காதீர்கள். தினமும் வந்து பார்ப்பாளா, பணத்தை மட்டும் கவனிப்பாளா, பாதுகாவலராகக் கையெழுத்துப் போடுவாளா, மூன்றையும் தனித்தனியாக எழுதி அனுப்பி, பதில் சொல்ல ஒரு மாதம் கொடுங்கள். அனுப்புவதற்கு முன் அந்தக் கடிதத்தை உங்கள் வீட்டுக்காரரும் படிக்கட்டும்.